ஓசூர் கம்பெனிக்கு வரி 34.944-லிருந்து 25.168 ஆகிறது: டிசம்பர் கணக்கில் எப்படிக் காட்டுவது?

ஊபி_கணக்கு | 8 ஜனவரி 2025, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஊபியில் ஒரு நடுத்தரக் குழுமத்தின் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறேன். எல்லா நாட்டுக் கணக்கையும் சேர்த்து ஒன்றாக்கும் வேலை இந்த வருடம்தான் முதல் தடவையாக என் கைக்கு வந்திருக்கிறது. ஆண்டு முடிவு டிசம்பர் 31. சீனப் புத்தாண்டு 29-ஆம் தேதி. அதற்குள் ஆடிட்டரிடம் முழுக் கணக்கையும் கொடுத்தாக வேண்டும்.

சிக்கல் ஓசூரில். அங்கே எங்களுக்கு முழுதும் சொந்தமான ஒரு துணைக் கம்பெனி இருக்கிறது, உலோகப் பாகங்கள் செய்கிறார்கள். விற்றுமுதல் 400 கோடி ரூபாயைத் தாண்டியதால் இதுவரை பழைய முறையில் 30% வரி. அந்த வரியின் மேல் போடும் சர்சார்ஜ் 12%, அதற்கும் மேல் செஸ் 4% சேர்ந்தால் 34.944%. இந்திய வருமான வரிச் சட்டத்தின் 115 பிஏஏ பிரிவுக்கு, அதாவது சில சலுகைகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த வரி கட்டும் முறைக்கு, மாறினால் 25.168% என்பது 2019-லிருந்தே இருக்கிறது. மேட் கிரெடிட், அதாவது முன்பு குறைந்தபட்ச மாற்று வரியாகக் கூடுதலாகக் கட்டியதைப் பின்னால் கழித்துக்கொள்ளும் பாக்கி, தீரட்டும் என்று காத்திருந்தார்கள். போன நவம்பரில் அங்கே போர்டு கூடி, 2024-25 நிதியாண்டிலிருந்தே மாறுவது என்று தீர்மானம் போட்டுவிட்டது.

இயந்திரங்களின் புத்தக மதிப்பு 62 கோடி. வருமான வரிக் கணக்குப்படி மதிப்பு 38 கோடி. வித்தியாசம் 24 கோடி. அதற்குப் பழைய விகிதத்தில் 8.39 கோடி ஒத்திவைத்த வரி, அதாவது டிஃபர்ட் டாக்ஸ், கடனாக நிற்கிறது. புது விகிதத்தில் 6.04 கோடி போதும். ஆக 2.35 கோடி லாபமாகத் திரும்பி வருகிறது.

எங்கள் எம்.டி. இதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார். மேலாண்மை அறிக்கையில் ஓசூரின் இந்த வருட முன்னேற்றம் என்று போடச் சொல்கிறார். ஓசூர் மேலாளரின் போனஸ் வரிக்குப் பிந்தைய லாபத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, அதனால் அவரும் தினமும் போன் செய்து கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே இயந்திரங்கள், அதே ஆட்கள். ஒரு போல்ட்டுகூடக் கூடுதலாக விற்கவில்லை. ஆனால் ஏன் தவறு என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முழுதையும் 2024-இலேயே எடுக்கலாமா? புது முறைக்கு மாறுவதைத் தெரிவிக்கும் 10-ஐசி படிவம் இன்னும் தாக்கல் செய்யவில்லை, அதற்கு 2025 நவம்பர் வரை நேரம் இருக்கிறது. அது தாக்கல் ஆகும் வரை பொறுக்க வேண்டுமா?

பாத்தாம்_படகு | 9 ஜனவரி 2025, காலை 7.55

படிவம் ஒரு தடை இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு வேறொன்று இடிக்கிறது. சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகிறது. காத்திருந்தார்கள் என்கிறீர்கள். என்றைக்காவது மாறப் போகிறோம் என்று தெரிந்தே இருந்தால், போன வருடக் கணக்கிலேயே ஒரு பகுதியைக் குறைத்திருக்க வேண்டாமா? ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

இந்தோனேசியாவில் உள்ள எங்கள் பாத்தாம் தொழிற்சாலையில் இந்த மாதிரி இரண்டு முறை பட்டிருக்கிறோம். இந்தோனேசியா 2020 மார்ச் கடைசியில் 25-லிருந்து 22 ஆக்கியது, 2022-லிருந்து 20 என்றும் அதே சட்டத்தில் இருந்தது. அதனால் 2020-இல், 2022-க்குப் பிறகு தீரும் ஊழியர் ஓய்வுப் பலன் ஒதுக்கீடு முழுவதற்கும் ஒத்திவைத்த வரியை 20-க்குக் குறைத்து எழுதினோம். 2021 அக்டோபரில் புதுச் சட்டம் போட்டு, 20 வேண்டாம், 22-லேயே இருக்கட்டும் என்றார்கள். மறுபடியும் ஏற்றி எழுதினோம். இரண்டு வருடமும் தொழிற்சாலையில் எதுவும் மாறவில்லை, வரிச்செலவு மட்டும் மேலும் கீழும் ஆடியது. இரண்டையும் தனி வரியாகக் காட்டியிருந்ததால்தான் போர்டில் எவரும் குழம்பவில்லை.

பழைய_பேரேடு | 9 ஜனவரி 2025, இரவு 9.15

தம்பி, உங்கள் மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரியான இடத்தில்தான் நிற்கிறது. 2000-இல் இந்த வேலைக்கு வந்தவள் நான். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். நான் வந்தபோது சிங்கப்பூரில் கம்பெனி வரி 26. அப்புறம் 25.5, 24.5, 22, 20, 18 என்று இறங்கி 2010 மதிப்பீட்டு ஆண்டில் 17-க்கு வந்தது. பத்து வருடத்தில் ஆறு முறை குறைந்தது. ஒவ்வொரு முறையும் இதே கேள்வி என் மேசைக்கு வந்தது.

ஒத்திவைத்த வரி என்பது வேறொன்றும் இல்லை. வரித்துறை உங்கள் இயந்திரத்துக்கு வேகமாகத் தேய்மானம் கொடுத்துவிட்டது, உங்கள் புத்தகம் மெதுவாகக் கழிக்கிறது. அதனால் இன்றைக்குக் குறைவாக வரி கட்டிவிட்டு, பின்னால் கூடுதலாகக் கட்டப் போகிறீர்கள். பின்னால் கட்டப் போவதை இன்றே கடனாக எழுதி வைக்கிறோம். அந்த 24 கோடி வித்தியாசம் எத்தனையோ வருடமாகச் சேர்ந்தது. நேற்று வரை அதற்கு 34.944 என்று விலை போட்டிருந்தீர்கள், இப்போது 25.168. பழைய சரக்குக்குப் புது விலை, அவ்வளவுதான். அந்த 2.35 கோடியில் 2024-இன் உழைப்பு ஒரு துளி இல்லை. வருங்காலத்தில் கட்ட இருந்த பணம் குறைந்தது உண்மை, அதனால் லாபம் பொய்யில்லை. ஓசூரின் முன்னேற்றம் என்பதுதான் பொய்.

இதை உங்கள் எம்.டி.க்கு விளக்க ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2017 டிசம்பர் 22-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் கம்பெனி வரியை 35-லிருந்து 21 ஆக்கியது. நடைமுறைக்கு வந்தது 2018 ஜனவரி 1. ஆனால் கணக்கில் விளைவு 2017 டிசம்பரிலேயே விழுந்தது, ஏனென்றால் சட்டமான நாள்தான் கணக்கு. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் நிகர மதிப்பு அந்த வருடம் 65 பில்லியன் டாலர் கூடியது. பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், இதில் 36 பில்லியன்தான் எங்கள் தொழிலில் வந்தது, மீதி 29 பில்லியன் வரிச் சட்டம் மாறியதால் வந்தது என்று அவரே பிரித்துச் சொன்னார். அதே சட்டத்தால் சிட்டிகுரூப் அதே காலாண்டில் சுமார் 22 பில்லியன் டாலர் செலவு எழுதியது. காரணம், அவர்கள் கையில் இருந்தது வரிக் கடன் இல்லை, பழைய நஷ்டங்களால் சேர்ந்த வரிச் சொத்து, அதாவது பின்னால் வரியைக் குறைத்துக்கொள்ளும் உரிமை. வரி குறைந்தால் வரிக் கடன் வைத்திருப்பவருக்கு லாபம், வரிச் சொத்து வைத்திருப்பவருக்கு நஷ்டம். நடைமுறையில் இரண்டு பேருக்குமே இனிக் கட்டும் வரி குறைவுதான்.

நீங்கள் கடன் பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சொத்துப் பக்கம் எங்கே? கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் ஒதுக்கீடு எவ்வளவு நிற்கிறது? அதில் எவ்வளவு ஓசிஐ, அதாவது லாப நட்டக் கணக்கில் சேராத பிற வருமானக் கணக்கு, வழியாகப் போனது? எல்லாவற்றுக்கும் மேலே, மேட் கிரெடிட் எவ்வளவு மிச்சம்? 115 பிஏஏ-க்குள் நுழைந்த அன்றே அது காலாவதி, திரும்ப வெளியே வரவும் வழியில்லை. இந்தியக் கணக்குத் தரநிலையான இண்ட் ஏஎஸ் 12-இல் அது ஒத்திவைத்த வரிச் சொத்து. மொத்தமாக எழுதித் தள்ள வேண்டும்.

படிவம் பற்றி: காத்திருக்க வேண்டாம். ஆண்டு முடிவில் எந்தச் சட்டம் நிறைவேறியிருக்கிறதோ, அந்தச் சட்டத்தில் கடன் தீரும்போது எந்த விகிதம் பொருந்தும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறதோ, அதுதான் விகிதம். சட்டம் 2019 செப்டம்பர் 20-இல் அவசரச் சட்டமாக வந்தது, டிசம்பரில் நாடாளுமன்றமும் நிறைவேற்றிவிட்டது. உங்களுக்கு வேண்டியது நிர்வாகத்தின் எண்ணத்துக்குச் சாட்சி. நவம்பர் தீர்மானம் ஒன்று. டிசம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தவணையைப் புது விகிதத்தில் கட்டினார்களா என்று பாருங்கள். கட்டியிருந்தால் அந்தச் செலான் நகல் இன்னொன்று.

பாத்தாம்_படகு கேட்டது ரொம்ப முக்கியம். காத்திருந்தார்கள் என்ற ஒரு சொல்லுக்கு இங்கே பெரிய எடை. 2023 டிசம்பரில் என்ன எண்ணம் இருந்தது என்று போர்டு கூட்டக் குறிப்பை, மினிட்ஸை, பார்த்துச் சொல்லுங்கள். சீக்கிரம் மாறத்தான் போகிறோம் என்று அப்போதே திட்டம் இருந்தால், மாறிய பிறகு தீரப்போகும் பகுதிக்கு அப்போதே 25.168 போட்டிருக்க வேண்டும். அப்படியானால் இது முன்வருடப் பிழை, இந்த வருட லாபமே இல்லை.

தேதி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பர் கணக்கு. உலகமே ஆடிப்போயிருந்த வருடம். நான் அப்போது ஜூரோங்கில் ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம். இயந்திர வித்தியாசம் 4 மில்லியன் வெள்ளி இருந்தது. மூன்று வருடத்தில் வரிக் கழிவு எடுத்து, புத்தகத்தில் பத்து வருடம் தேய்க்கும் இயந்திரங்கள். 2009 ஜனவரி 22-ஆம் தேதி பட்ஜெட்டில் வரி 18-லிருந்து 17 என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை என் மேசையில் வரைவுக் கணக்கு கிடக்கிறது, ஒத்திவைத்த வரிக் குறிப்பில் 18-ஐ அடித்து 17 என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. மேலே இருந்தவர் எழுதியது. 40,000 வெள்ளி செலவு குறையும், அந்த வருடம் அதுவும் அவர்களுக்குப் பெரிது. நான் மாட்டேன் என்றேன். டிசம்பர் 31-இல் இருந்த விகிதம் 18, ஆண்டு முடிந்த பிறகு அறிவித்த வரி மாற்றம் அந்த ஆண்டைத் தொடாது, குறிப்பில் மட்டும் சொல்லலாம் என்று தரநிலையே உதாரணமாகச் சொல்கிறது. இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. ஆடிட்டரும் நான் சொன்னதையே சொன்னார். அந்த 40,000 வெள்ளி 2009 முதல் காலாண்டில்தான் வந்தது. அந்தச் சிவப்பு மைப் பக்கத்தை ரொம்ப நாள் பைலில் வைத்திருந்தேன்.

ஊபி_கணக்கு | 10 ஜனவரி 2025, மதியம் 1.20

அக்கா, ரொம்ப நன்றி. பாத்தாம் அண்ணனுக்கும் நன்றி. காலையில் ஓசூருக்குப் போன் போட்டு எல்லாம் வாங்கிவிட்டேன்.

கிராஜுவிட்டியும் விடுப்புச் சம்பளமும் சேர்த்து ஒதுக்கீடு 5 கோடி. அதில் 1 கோடி கிராஜுவிட்டி ஆக்சுவேரியல் நஷ்டம், அதாவது மதிப்பீடு மாறியதால் வந்த நஷ்டம், ஓசிஐ வழியாகப் போனது. மேட் கிரெடிட் 1.90 கோடி மிச்சம்.

டிசம்பர் தவணை புது விகிதத்தில்தான் கட்டியிருக்கிறார்கள், செலான் வந்துவிட்டது. ஜூன், செப்டம்பர் தவணைகள் பழைய விகிதம்.

மினிட்ஸும் படித்தேன். காத்திருந்தார்கள் என்று நான் எழுதியது ஓசூரில் வாய்மொழியாகச் சொன்னது. 2023 மினிட்ஸில் இருப்பது வேறு. ஒரு புது உற்பத்தி வரிசை போடுவதாக இருந்தார்கள், அதற்குக் கூடுதல் தேய்மானச் சலுகை வேண்டும், ஆகவே பழைய முறையிலேயே தொடர்வது என்று தெளிவாக இருக்கிறது. 115 பிஏஏ-க்குப் போனால் அந்தச் சலுகை கிடையாது. அந்த வரிசைத் திட்டம் 2024 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அதன் பிறகுதான் மாறும் பேச்சே வந்திருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை. 2.35 கோடி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் எங்காவது தப்பு செய்திருக்கிறேனா?

பழைய_பேரேடு | 10 ஜனவரி 2025, மாலை 6.30

தப்பு இல்லை தம்பி, கணக்கு அப்படித்தான் வரும். நானும் போட்டேன்.

விகித வித்தியாசம் 9.776. இயந்திரம் 24 கோடிக்கு 2 கோடியே 34.62 லட்சம் வரவு. ஒதுக்கீட்டில் லாப நட்டக் கணக்கு வழியாகப் போன 4 கோடிக்கு 39.10 லட்சம் செலவு. மேட் கிரெடிட் 1.90 கோடி செலவு. கழித்தால் லாப நட்டக் கணக்கில் மிஞ்சுவது 5.52 லட்சம் வரவு. மீதி 1 கோடிக்கான 9.78 லட்சம் ஓசிஐயில் செலவு, ஏனென்றால் முதலில் எங்கே எழுதினீர்களோ மாற்றமும் அங்கேதான் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 4.26 லட்சம் நஷ்டம். கடைசியில், 2.35 கோடி என்று உங்கள் எம்.டி. சந்தோஷப்பட்டது ஒரு பக்கத்தின் கணக்கு மட்டும்.

உடனே அவர், அப்படியானால் ஏன் மாறினோம் என்று கேட்பார். அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூரின் வரிக்குரிய வருமானம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. 21 கோடி என்று வைத்துக் காட்டுகிறேன், உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய முறையில் 7.34 கோடி வரி, மேட் கிரெடிட் 1.90 கோடி முழுதும் கழிந்தால் கையிலிருந்து போவது 5.44 கோடி. புது முறையில் 5.29 கோடி. கிரெடிட்டை விட்டுக்கொடுத்தும் முதல் வருடமே 15 லட்சம் மிச்சம். அடுத்த வருடத்திலிருந்து வருடத்துக்கு 2.05 கோடி. நன்மை அங்கே இருக்கிறது, பணமாக, வருடா வருடம். ஒரே நாளில் புத்தகத்தில் வரும் எண்ணில் இல்லை.

மினிட்ஸ் உங்களைக் காப்பாற்றுகிறது. 2023-இல் தொடர்வதே திட்டம், 2024-இல் எண்ணம் மாறியது. ஆகவே இது மதிப்பீட்டு மாற்றம், 2024-இல் எடுக்கலாம். வாய்மொழியைக் கேட்டு அப்படியே நிறுத்தாமல் காகிதத்தைத் தேடிப் போனது நல்ல வேலை.

நடப்பு வரியிலும் ஒரு பொறி இருக்கிறது, அதில் விழுந்துவிடாதீர்கள். உங்கள் ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர், ஓசூருக்கு ஏப்ரல் முதல் மார்ச். அதனால் 2024 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் லாபத்துக்கு 34.944, ஏப்ரலிலிருந்து டிசம்பருக்கு 25.168. மொத்த வருடத்துக்கும் ஒரே விகிதம் போட்டால் தவறு. செப்டம்பர் வரை பழைய விகிதத்தில் போட்ட நடப்பு வரி ஒதுக்கீட்டில் ஏப்ரல் முதல் உள்ளதைத் திருத்துங்கள்.

அப்புறம், உங்களிடம் ஒரு கேள்வி. மிச்சமாகும் பணத்தை என்ன செய்யப் போகிறார்கள்? ஓசூரிலேயே இருக்குமா, இங்கே ஈவுத்தொகையாக வருமா?

பசிபாஞ்சாங்_மேசை | 11 ஜனவரி 2025, காலை 11.05

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் குழும விற்றுமுதல் 750 மில்லியன் யூரோவுக்குக் கீழே என்று நினைக்கிறேன், அப்படியானால் 15% குறைந்தபட்ச வரி பற்றி நான் சொல்வது உங்களுக்கு வேண்டாம். படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் இருப்பது பெரிய குழுமம். இங்கே வளர்ச்சி ஊக்கச் சலுகையில் எங்களுக்கு 10% வரி. இந்த ஜனவரி 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்குச் சிங்கப்பூரில் 15% குறைந்தபட்ச வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்படியானால் ஒத்திவைத்த வரியை 10-லிருந்து 15 ஆக ஏற்றி எழுத வேண்டுமே என்று எங்கள் ஆபீசில் ஒரு வாரம் விவாதம். வேண்டாம் என்பதே பதில். 2023 மே மாதம் வருமான வரிக்கான சர்வதேசக் கணக்குத் தரநிலையான ஐஏஎஸ் 12-இல் கொண்டுவந்த திருத்தம், இந்தக் கூடுதல் வரிக்காக ஒத்திவைத்த வரி எழுதக் கூடாது என்று கட்டாய விலக்கு கொடுத்திருக்கிறது. இங்குள்ள தரநிலையும் அதையே எடுத்துக்கொண்டது. எழுதலாமா கூடாதா என்று நாம் தேர்ந்தெடுக்கும் விஷயமே இல்லை.

ஆனால் சும்மா விட முடியாது. 2024 டிசம்பர் கணக்கில், சட்டம் நிறைவேறிவிட்டது, இன்னும் பொருந்தவில்லை என்ற நிலை. எவ்வளவு பாதிப்பு வரும் என்று தெரிந்த அளவில், மதிப்பிட முடிந்த அளவில் குறிப்பில் சொல்ல வேண்டும். 2025 கணக்கிலிருந்து அந்த வரியை நடப்பு வரியில் தனியாகக் காட்ட வேண்டும். எந்த நாட்டில் 15-க்குக் கீழே வருகிறோம் என்று பிரித்துப் பார்க்கவே எங்களுக்கு நான்கு மாதம் ஆனது, ஏனென்றால் அந்தச் சட்டம் கேட்கும் லாபம் நம் புத்தக லாபமும் இல்லை, வரிக்குரிய வருமானமும் இல்லை. இன்னும் தொடங்காதவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள்.

ஊபி_கணக்கு | 11 ஜனவரி 2025, இரவு 8.50

நாங்கள் அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே. இருந்தாலும் நன்றி, தெரிந்துகொண்டேன்.

அக்கா கேட்ட கேள்வியை எங்கள் எம்.டி.யிடம் கேட்டேன். டிசம்பர் முதல் வாரமே வங்கிக்காரரிடம், 2025-இல் ஓசூரிலிருந்து 6 கோடி ரூபாய் ஈவுத்தொகை வரும் என்று சொல்லியிருக்கிறார். கடன் புதுப்பிக்கும் கூட்டத்தில் கொடுத்த தாளில் இருக்கிறது. ஏன் கேட்டீர்கள் என்று இப்போதுதான் லேசாகப் புரிகிறது. வயிறு கலங்குகிறது.

பழைய_பேரேடு | 12 ஜனவரி 2025, காலை 8.10

கலங்க வேண்டாம். ஆடிட்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இந்தியாவில் 2020 மார்ச் வரை ஈவுத்தொகை வரியைக் கொடுக்கும் கம்பெனியே கட்டியது. 2020 ஏப்ரல் முதல் அது போய், வாங்குபவர் பெயரில் பிடித்தம் செய்கிறார்கள். இந்தியா சிங்கப்பூர் ஒப்பந்தப்படி, பங்கில் 25% அல்லது அதற்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிக்கு 10%. இங்கே வந்தபின் பொதுவாக மறுபடி வரி இல்லை, சிங்கப்பூர் வருமான வரிச் சட்டத்தின் 13(8) பிரிவின் நிபந்தனைகளை ஓசூர் தாராளமாக நிறைவேற்றும்.

ஆனால் அந்த 10% யாருடைய கடன்? குழுமத்தின் கடன். துணைக் கம்பெனியின் பகிராத லாபத்துக்கு ஒத்திவைத்த வரி எழுதாமல் இருக்க இரண்டு நிபந்தனை: எப்போது பகிர்வது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், கண்ணுக்கெட்டிய காலத்தில் பகிர மாட்டோம் என்பதற்கே வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். முதலாவது இருக்கிறது. இரண்டாவதை உங்கள் எம்.டி. வங்கித் தாளிலேயே எழுதிக் கொடுத்து முடித்துவிட்டார். டிசம்பர் 31-க்கு முன்னால் இருந்த திட்டம் என்பதால், 6 கோடிக்கு 60 லட்சம் 2024 குழுமக் கணக்கில் எழுத வேண்டும். ஓசூரின் தனிக் கணக்கில் இது வராது. நீங்கள் ஒன்றாக்கும் இடத்தில்தான் வரும்.

இப்போது ஓசூர் சம்பந்தப்பட்ட வரி மாற்றமெல்லாம் சேர்ந்து லாப நட்டக் கணக்கில் 54.48 லட்சம் செலவு.

மீதிப் பகிராத லாபத்துக்கு, அது ஓசூரிலேயே முதலீடாக இருக்கும் என்று எம்.டி.யிடம் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். அடுத்த வருடம் அவர் எண்ணம் மாறினால் அடுத்த வருடம் எழுதலாம்.

குறிப்பில் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருட்டாதீர்கள், அதுதான் என் ஒரே வேண்டுகோள். விகித மாற்றத்தால் வந்தது ஒரு வரி, மேட் கிரெடிட் எழுதித் தள்ளியது ஒரு வரி, ஈவுத்தொகைப் பிடித்தம் ஒரு வரி. வரிச்செலவை லாபத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணையிலும் அப்படியே. படிப்பவர் வங்கிக்காரராக இருக்கலாம், உங்களுக்குப் பின்னால் இந்த நாற்காலிக்கு வரும் இன்னொரு தம்பியாக இருக்கலாம். அவருக்கு ஓசூர் இந்த வருடம் எப்படி ஓடியது என்று தெரிய வேண்டும், வரிச் சட்டம் என்ன செய்தது என்றும் தெரிய வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் அவருக்கு ஒன்றுமே தெரியாது.

போனஸ் விஷயம் உங்கள் மேசையில் தீராது. ஆனால் வரிக்கு முந்தைய லாபத்தை வைத்துக் கணக்கிடலாமே என்று மேலே சொல்லிப் பாருங்கள். வரி குறைந்ததால் அந்த மேலாளருக்குக் கூடுதலாகக் கொடுப்பது எப்படி நியாயமில்லையோ, எம்.டி. வங்கியில் சொன்ன ஈவுத்தொகைக்காக அவர் போனஸில் கை வைப்பதும் நியாயமில்லை.

பாத்தாம்_படகு | 12 ஜனவரி 2025, காலை 9.40

அக்கா சொன்ன கடைசி வார்த்தையை நானும் வழிமொழிகிறேன். எங்கள் பாத்தாம் மேலாளர் 2020 கணக்கில் அப்படித்தான் அடிபட்டார். நல்ல மனிதர், அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டார்.

ஊபி_கணக்கு | 17 ஜனவரி 2025, இரவு 11.30

இன்று எம்.டி.யோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அக்கா போட்ட கணக்கை ஒரே தாளில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டு போனேன். மேலே புத்தகக் கணக்கு, கீழே கையிலிருந்து போகும் பணம், ஓசூரின் உண்மையான எண்களோடு. மேல் பாதியைப் படிக்கும்போது அவர் முகம் சுருங்கியது. இரண்டாவது முறை படித்தார். அப்புறம் கீழ்ப் பாதிக்கு விரலைக் கொண்டுபோய், இது ஒவ்வொரு வருடமுமா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். முன்னேற்றம் என்ற சொல்லை அவரே பேனாவால் அடித்துவிட்டார்.

போனஸை இந்த வருடம் வரிக்கு முந்தைய லாபத்தில் கணக்கிடச் சம்மதித்திருக்கிறார். ஓசூர் மேலாளரிடம் நானே போனில் சொன்னேன். அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான், ஆனால் உற்பத்தி எண்களோடு பொருந்துகிறது என்று அவரே சொன்னார்.

ஆடிட்டருக்கு மினிட்ஸ், செலான், வங்கித் தாள் மூன்றும் போய்விட்டன. ஜனவரி முதல் மார்ச் வரையிலான நடப்பு வரியைத் தனியாகப் பிரித்துக் காட்டியதைப் பார்த்து வேறு கேள்வி கேட்கவில்லை. மீதி லாபம் ஓசூரிலேயே இருக்கும் என்ற கடிதம் மட்டும் இன்னும் கையெழுத்தாகவில்லை. எம்.டி. நாளை ஜொகூர் போகிறார், செவ்வாய்க்கிழமை திரும்புகிறார். கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.